ஒரு குவார்ட்டரின் விலை: செஞ்சி வட்டாரத்தில் மது வரியின் கதை

செஞ்சின்னு சொன்னா நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது தேசிங்கு ராஜா. இளம் வயசு, குதிரை, வீர மரணம். கூத்துலயும் பாட்டுலயும் சினிமாவுலயும் ஓடின கதை. அந்தக் கதைக்கு அடியில் கிடப்பது ஒரு வரிப் பாக்கி என்பதை மட்டும் நாம சுலபமா மறந்துடுறோம். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் செஞ்சியிலிருந்து வர வேண்டிய பாக்கிப் பணத்தைக் கேட்டார், தேசிங்கு தர மறுத்தார், 1714-ல் சண்டை வந்தது, தேசிங்கு செத்துப்போனார். மிச்சமெல்லாம் பாட்டு.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியக் கோட்டைகள் 12 சேர்ந்தன. அதில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, பன்னிரண்டாவது நம்ம செஞ்சி. அதுக்கப்புறம் சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பாண்டியிலிருந்தும் கிளம்புகிறவர்களுக்கு இது இன்னும் நல்லா பழக்கமான ஊர். கோட்டைக்குள்ளே பெரிய களஞ்சியம் ஒண்ணு இருக்கு, பாத்திருப்பீங்க. நெல் கொட்டி வைத்த இடம். ஒரு அரசு தன் பலத்தைத் தானியமாக அளந்த காலத்துக் கட்டடம்.

இன்னைக்கு அரசோட களஞ்சியத்துல பெரிய பங்கை நிரப்புறது பாட்டில். இந்த எபிசோடு அதைப் பத்தித்தான்.

கேள்வி இதுதான். மதுவுக்கு வரி ஏத்தினா ஜனங்க குறைவா குடிப்பாங்க, அது ஒரு பொதுச் சுகாதார நடவடிக்கை என்று உலக சுகாதார நிறுவனம் பல வருஷமா சொல்லுது. தமிழ்நாட்டில் மதுவுக்கு வரி குறைவில்லை. ஒரு பாட்டில் விலையில் பெரும்பகுதி வரிதான். குடியும் குறைவில்லை. அப்போ அந்தக் கொள்கை பொய்யா? என்னுடைய பதிலை முன்னாடியே சொல்லிடறேன்: கொள்கை உண்மை. நம்மிடம் இருப்பது அந்த வரி இல்லை. ஏன் இல்லைங்கறதுக்குச் செஞ்சியைச் சுத்தி ஒரு நூறு கிலோமீட்டர் வட்டம் போட்டாலே போதும், 140 வருஷக் கதை அதுக்குள்ள கிடைக்கும்.

முதலில் கொள்கை உண்மைதான்னு எப்படிச் சொல்றேன்?

டென்மார்க், 1917. முதல் உலகப் போர் நடக்குது. உணவுப் பற்றாக்குறை வந்ததால் தானியத்தையும் உருளைக்கிழங்கையும் மதுவாக்கி வீணடிக்கக் கூடாதென்று அரசு சாராய வகைகளுக்குக் கடுமையான வரி போட்டது. விலை பத்து மடங்குக்கும் மேலே போனது. ஒண்ணு ரெண்டு வருஷத்துக்குள் அந்த நாட்டின் மொத்தக் குடி கால்வாசி அளவுக்குச் சுருங்கியது. மிதமிஞ்சிக் குடிப்பவர்களுக்கு வரும் நடுக்கமும் சித்தப்பிரமையும் மருத்துவமனைகளில் சட்டென்று குறைந்தன. கவனிங்க, அங்கே யாரும் சுகாதாரத்துக்காக வரி போடவில்லை. ஆனாலும் வரி உடம்பில் வேலை செய்தது.

ரொம்பக் கிட்டத்து உதாரணம் ஸ்காட்லாந்து. 2018 மே மாதத்தில் அங்கே ஒரு சட்டம் வந்தது. 10 மில்லி சுத்தமான ஆல்கஹாலை ஒரு யூனிட் என்று வைத்து, ஒரு யூனிட்டை 50 பென்ஸுக்குக் கீழே யாரும் விற்கக் கூடாது. 2024 செப்டம்பரில் அதை 65 பென்ஸாக ஏற்றினார்கள். முதல் இரண்டரை வருஷக் கணக்கை ஆய்வாளர்கள் பார்த்தபோது, மதுவால் மட்டுமே வரும் சாவுகள் ஏறத்தாழ 13 விழுக்காடு குறைந்திருந்தன. இது வரி இல்லை, குறைந்தபட்ச விலை. கூடுதல் பணம் அரசுக்குப் போகாமல் கடைக்காரருக்குப் போகுது, அது ஒரு குறைதான். ஆனா விலைக்கும் ஈரலுக்கும் நேரடித் தொடர்பு இருக்குங்கறதை இது காட்டுது.

இப்ப நம்ம டாஸ்மாக் குவார்ட்டரை எடுத்துக்கலாம். 180 மில்லி, 42.8 விழுக்காடு ஆல்கஹால். பெருக்கிப் பாத்தா 77 மில்லி சுத்தமான ஆல்கஹால். ஸ்காட்லாந்துக் கணக்கில் 7.7 யூனிட். அங்கே இந்த பாட்டிலை 5 பவுண்டுக்குக் கீழே விற்க முடியாது, நம்ம பணத்தில் 500 ரூபாயைத் தாண்டும். இங்கே 2024 பிப்ரவரி விலையேற்றத்துக்குப் பிறகு சாதாரண ரகம் 140 ரூபாய். இரண்டு நாட்டு வருமானமும் வேற என்பதால் இந்த ஒப்பீட்டை ரொம்ப இழுக்கக் கூடாது. நான் பார்க்கச் சொல்றது இன்னொரு விஷயம். ஒரு பெரிய பாட்டில் சாதாரண பீர், 650 மில்லி, 5 விழுக்காடு. அதில் 32 மில்லிதான் ஆல்கஹால் இருக்கு. விலை கிட்டத்தட்ட குவார்ட்டர் விலைதான், சில ரகங்கள் அதைவிடக் கூட. அதாவது கையில் 140 ரூபாயோடு நிற்கும் ஒருத்தருக்கு நம்ம விலைப்பட்டியல் சொல்லும் சேதி, ‘காட்டமானதையே வாங்கு, அதுதான் லாபம்.’ சுகாதாரத்தை மனசுல வெச்சு ஒருத்தர் விலை போட்டிருந்தா இப்படிப் போட்டிருக்க மாட்டார்.

சரி, யாரை மனசுல வெச்சுப் போட்டாங்க? அதுக்கு 1886-க்குப் போகணும்.

செஞ்சி அப்போ தென்னாற்காடு மாவட்டம். திண்டிவனம், செஞ்சி, விக்கிரவாண்டி வரைக்கும் இன்னைக்கும் ரோட்டோரம் பனை நிக்குது. அன்னைக்கு இன்னும் அதிகம். கள் என்பது உள்ளூர்ப் பானம், இறக்கிய அன்றைக்கே குடித்துத் தீர்க்க வேண்டியது. பிரிட்டிஷ் அரசு ரொம்ப நாள் கடைகளைக் குத்தகைக்கு விட்டு அந்தப் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டது. 1886-ல் வந்த மதராஸ் அப்காரி சட்டம் அதை மாற்றியது. இனிமேல் ஒவ்வொரு மரமும் கணக்கில் வரும். கள் இறக்க உரிமம் வாங்கிய மரத்துக்கு எண் குறிப்பாங்க, மரத்துக்கு இவ்வளவுன்னு வரி. தென்னைக்கு ஒரு வீதம், பனைக்கு அதைவிடக் குறைந்த வீதம். பதநீர் இறக்குகிறவர் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருக்க வேண்டும். தடவாத கலயம் மரத்தில் தொங்கினால் அது கள், வழக்கு வரும். ஒரு கலயத்தின் உள்பக்கத்தை எட்டிப் பார்க்கிற அளவுக்கு அரசு பனை உச்சி வரைக்கும் ஏறிடுச்சு.

சாராயத்துக்கு இதைவிடச் சுலபமான வழி கிடைத்தது. ஊர் ஊராகக் காய்ச்சுவதை ஒழித்துவிட்டு, ஒரே பெரிய ஆலையில் வடிக்க வைத்து, அங்கேயே வரியைப் பிடித்துக்கொள்வது. தென்னாற்காட்டில் அந்த ஆலை நெல்லிக்குப்பத்தில் இருந்தது. பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை இருக்கிற அதே ஊர். 1897-ல் அந்தத் தொழிலுக்காகப் பதிவான கம்பெனியின் பெயர் ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் அண்ட் ஷுகர் ஃபேக்டரீஸ். இன்னைக்கு நாம ஈ.ஐ.டி. பாரின்னு சொல்றோமே, அந்த ‘டி’ டிஸ்டில்லரீஸ். சர்க்கரைப் பொட்டலத்தைப் பாக்கும்போது யாருக்கும் தோணாது.

இதற்கெல்லாம் அரசு சொன்ன நியாயம்தான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. குறைந்த குடி, அதிக வருவாய், இதுதான் எங்கள் கொள்கை என்றார்கள். அதாவது வரியை ஏற்றுவது மக்களைக் குடியிலிருந்து விலக்கத்தான், பணம் வருவது ஒரு துணைப் பலன். இன்றைக்குச் சட்டமன்றத்தில் விலையேற்றத்துக்குச் சொல்லப்படும் காரணத்தோடு இதை வைத்துப் பாருங்க, பெரிய வித்தியாசம் தெரியாது. அந்த ‘துணைப் பலன்’ 1930-கள் வரும்போது மதராஸ் மாகாண வருவாயில் ஏறத்தாழ கால்வாசி. கால்வாசி வருமானம் தருகிற ஒரு பழக்கத்தைக் குறைக்க விரும்புகிறேன் என்று ஒரு அரசு சொன்னால், அதை நம்புவதற்கு முன்னால் அதோட பட்ஜெட்டைப் பார்க்கணும்.

அந்த பட்ஜெட்டைப் பார்த்து, ‘சரி, விட்டுடலாம்’ என்று சொன்னவர் ராஜாஜி. 1937-ல் முதலமைச்சரானதும் மதுவிலக்குச் சட்டம் கொண்டுவந்து, அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் அமல்படுத்தினார். அடுத்த வருஷம் சித்தூர், கடப்பை, 1939-ல் வடாற்காடு. மதுவிலக்கைப் பத்தி நமக்குப் பல அபிப்பிராயங்கள் இருக்கலாம், எனக்கும் இருக்கு. ஆனா கணக்குல அவர் நேர்மையாக இருந்தார். போகிற பணத்துக்குப் பதில் பணம் எங்கேன்னு கேட்டு, 1939-ல் பொது விற்பனை வரி கொண்டுவந்தார். கடையில் விற்கிற பொருளுக்கெல்லாம் பொதுவான விற்பனை வரி இந்தியாவில் அப்போதுதான் முதன்முதலாக வந்தது. வியாபாரிகள் எதிர்த்தார்கள். குடிகாரன் குடிக்காமல் இருப்பதற்கு நாங்கள் ஏன் பணம் தரணும் என்பது அவர்கள் வாதம். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும்.

போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. அதைத் திரும்பக் கொண்டுவந்து, 1948 அக்டோபர் 2-ல் மாகாணம் முழுக்க விரித்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். சென்னையில் ஓமந்தூரார் தோட்டம், ஓமந்தூரார் ஆஸ்பத்திரின்னு பேரு கேட்டிருப்பீங்க. அந்த ஓமந்தூர் திண்டிவனத்துக்குப் பக்கம், செஞ்சியிலிருந்து பஸ்ஸில் ஒண்ணு, ஒண்ணரை மணி நேரம். பாண்டிச்சேரி எல்லையும் பக்கத்துல. இது ஒரு தற்செயல்தான், ஆனாலும் மாகாணம் முழுக்க மதுவைத் தடைசெய்த மனிதர் பிறந்த ஊருக்குக் கூப்பிடு தூரத்தில், பிரெஞ்சு ஆட்சியில் மது தாராளமாக விற்றுக்கொண்டிருந்தது.

அதுக்கப்புறம் நடந்ததை வேகமா சொல்லிடறேன், ஏன்னா திறந்து மூடித் திறந்த கதை அது. 1971 ஆகஸ்டில் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தள்ளிவைத்தது. 1973-ல் கள்ளுக்கடையும் 1974-ல் சாராயக்கடையும் மூடின. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1981-ல் திரும்பத் திறந்தன, 1987 தொடக்கத்தில் மறுபடி மூடின. நடுவில் 1983-ல் மொத்த வியாபாரத்துக்காக டாஸ்மாக் பிறந்தது. 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளும் டாஸ்மாக் கைக்கு வந்தன. இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம்: 1937-ன் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கு. டாஸ்மாக் கடைகளுக்கான 2003-ன் விதிகளே அந்த மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான் எழுதப்பட்டிருக்கு. மதுவை விற்பதற்கான சட்டத்தின் பெயர் மதுவிலக்குச் சட்டம்.

இன்னொண்ணும் இருக்கு. மதுப் பணத்துக்கு மாற்றாக ராஜாஜி கண்டுபிடித்த விற்பனை வரி பின்னாளில் மதிப்புக்கூட்டு வரியாக மாறியது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் ஏறக்குறைய எல்லாப் பொருளும் அதற்குள் போய்விட்டன. வெளியே நின்றவை பெட்ரோல், டீசல் போல ஒரு சிலது, அப்புறம் மது. மது வருவாயை ஈடுகட்டப் பிறந்த வரி இன்னைக்கு முக்கியமா வசூலாகிற இடங்களில் ஒன்று மது பாட்டில். மாநில அரசு தன் இஷ்டப்படி ஏற்றவும் இறக்கவும் முடிகிற வரிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதில் இது ஒன்று. டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வரி 2003-04-ல் 3,639 கோடி. 2023-24-ல் 45,855 கோடி. 2024-25-ல் 48,344 கோடி. எந்தக் கட்சி கோட்டையில் உட்கார்ந்தாலும் இந்த எண்ணைப் பாத்துட்டுத்தான் பேச ஆரம்பிக்கும். நான் சொல்றது செயின்ட் ஜார்ஜ் கோட்டையை.

“விலையைத்தான் அடிக்கடி ஏத்தறாங்களே, அதனால குடி குறையாதா?”ன்னு கேக்கலாம். ஒரு சின்னக் கணக்கு. 2020 மே மாதம் ஊரடங்குக்குப் பிறகு கடை திறந்தபோது சாதாரண குவார்ட்டர் 10 ரூபாய் ஏறியது. 2022 மார்ச்சில் இன்னொரு 10, 2024 பிப்ரவரியில் இன்னொரு 10. ஆக, நாலு வருஷத்தில் 120 ரூபாய் 140 ஆனது. அதே காலத்தில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் அறிவிக்கப்பட்ட கூலி 256-லிருந்து 319 ஆனது. (கைக்கு வர்றது பல நேரம் அதைவிடக் குறைவு, அது வேற கதை.) 2020-ல் ஒரு நாள் கூலியில் 47 விழுக்காடாக இருந்த குவார்ட்டர் 2024-ல் 44 விழுக்காடு. ஒவ்வொரு தடவையும் செய்தியில் ‘மது விலை உயர்வு’ன்னு வந்தது. உண்மையில் கொஞ்சம் மலிஞ்சுதான் போச்சு. டென்மார்க்கில் நடந்தது விலையேற்றம். இது விற்பனை பாதிக்காத அளவுக்குப் பார்த்துப் பார்த்து ஏற்றுவது.

இப்ப எல்லைக்கு வருவோம். ஏன்னா வரியை நிஜமாகவே ஏத்தணும்னு ஒருத்தர் நினைத்தாலும், இந்த வட்டாரத்தில் முதலில் முட்டுவது எல்லைதான்.

புதுச்சேரியின் எல்லையை மேப்பில் பாருங்க. யாரோ காகிதத்தைக் கிழிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். விழுப்புரம் மாவட்டக் கிராமங்களுக்கு நடுவில் மண்ணாடிப்பட்டு கொம்யூன், திருக்கனூர்னு புதுச்சேரி துண்டு துண்டாக நுழைந்திருக்கும். அங்கே கலால் வரி குறைவு. சாராயக்கடையும் சட்டப்படி உண்டு. இந்தப் பக்கம் சாராயம் குற்றம். ஒரு வாய்க்காலைத் தாண்டினால் விலையும் மாறுது, சட்டமும் மாறுது. ‘பாண்டி சரக்கு’ங்கற வார்த்தை இந்த வரி வித்தியாசத்துக்கு ஜனங்க வெச்ச பேர். சோதனைச் சாவடி, பறிமுதல், புல்டோசர் ஏத்தி பாட்டில் உடைக்கிற போட்டோ, எல்லாம் அந்த வித்தியாசத்தோட வால்.

2020-ல் இந்தச் சிக்கலுக்குள் ஒரு பரிசோதனை தானாக நடந்தது. மே 25-ல் புதுச்சேரி மதுக்கடைகளைத் திறந்தபோது, தமிழ்நாட்டுக் கூட்டம் தொற்றோடு வந்து குவியும் என்ற பயத்தில் ஒரு சிறப்பு வரி போட்டது. தமிழ்நாட்டிலும் கிடைக்கிற 154 ரகங்களுக்குத் தமிழ்நாட்டு விலையே வரும்படி வரி, மற்ற ரகங்களுக்கு 25 விழுக்காடு. எல்லையில் விலை சமமாச்சு. எல்லை தாண்டக் காரணமும் போச்சு. 2021 ஏப்ரலில் அந்த வரி காலாவதி ஆனதும் பழைய விலை, பழைய ஓட்டம். இதுல நான் கவனிக்கிறது: ரெண்டு அரசும் விலையை ஒண்ணாக்க முடியும்னு ஒரு வருஷம் நடத்திக் காட்டியாச்சு. நோய்த்தொற்றுக்காகச் செய்தாங்க. ஈரலுக்காக யாரும் செய்யலை.

அடுத்தது இந்த எபிசோடில் சொல்லவே கஷ்டமான பகுதி.

2023 மே மாதம், மரக்காணம் பக்கத்தில் எக்கியார்குப்பம். மீனவர் ஊர். செஞ்சி இருக்கிற அதே விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரம். பாக்கெட்டில் விற்ற சாராயத்தைக் குடித்தவர்கள் ஒருத்தர் பின்னாடி ஒருத்தராக விழுந்தார்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கும் ஜிப்மருக்கும் கொண்டுபோனார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவு. இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து 20 பேருக்கு மேல் போய்விட்டார்கள். காவல்துறை சொன்னது, அது காய்ச்சிய சாராயமே இல்லை, ஆலைகளில் பயன்படும் மெத்தனால். அடுத்த வருஷம், 2024 ஜூன், கள்ளக்குறிச்சி கருணாபுரம். 2019 வரைக்கும் கள்ளக்குறிச்சியும் விழுப்புரம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அங்கே 65 பேருக்கு மேல். மறுபடியும் மெத்தனால்.

மெத்தனால் என்ன செய்யும்? குடிக்கிற ஆல்கஹால் எத்தனால். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, வாசனையும் கிட்டத்தட்ட அதே. மெத்தனால் உள்ளே போனால் ஈரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும். எறும்புக் கடியில் இருக்கிற அதே அமிலம். அது முதலில் கண் நரம்பைத் தாக்கும், அதனால்தான் பிழைத்தவர்களில் சிலருக்குப் பார்வை போய்விடுகிறது. இந்த மாற்றம் நடக்கச் சில மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் சாதாரண போதை மாதிரியே இருக்கும். தூங்கினா சரியாயிடும்னு வீட்டில் படுத்துக்கொள்வதுதான் ஆபத்து. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போனால் மாற்று மருந்தும் டயாலிசிஸும் காப்பாற்றும்.

இதில் வரி எங்கே வந்ததுன்னு கேட்பீங்க. ரெண்டு இடத்துல வந்தது. ஒண்ணு, குடிக்கிற ஆல்கஹாலுக்குத்தான் இந்த வரி, ஆலைக்குப் போகும் ஆல்கஹாலுக்கு இல்லை. இந்தப் பிரிவினை பழையது. 1855-ல் பிரிட்டன், ஆலைகளுக்கு வரியில்லாத ஆல்கஹால் தரணும்னு முடிவு பண்ணியபோது, அதை யாரும் குடித்துவிடக் கூடாதென்று மர ஆல்கஹாலைக் கலக்கச் சொன்னது. மர ஆல்கஹால்னா மெத்தனால்தான். மெத்திலேட்டட் ஸ்பிரிட் அப்படிப் பிறந்தது. வரி கட்டாத ஆல்கஹாலின் அடையாளமாக விஷத்தையே முத்திரையாகக் குத்தினார்கள். கண்காணிப்பு தளர்ந்த இடத்தில் அந்த மலிவான விஷம் குடிக்கிற பக்கத்துக்கு ஒழுகி வந்துவிடுகிறது.

ரெண்டாவது, விலை. கள்ளக்குறிச்சியில் பாக்கெட் 50, 60 ரூபாய் என்று செய்திகளில் வந்தது. டாஸ்மாக்கில் மிகக் குறைந்த விலை 140. நடுவில் ஒண்ணுமே இல்லை. கள் இருந்திருந்தால் அந்த இடத்தில் இருந்திருக்கும், அது குற்றம். அன்றைக்கு 140 இல்லாதவர், ஆனால் குடிக்காமல் இருக்க முடியாத நிலைக்கு உடம்பு போய்விட்டவர், நேராக 60 ரூபாய் பாக்கெட்டுக்குத்தான் வருவார். கருணாபுரத்தில் செத்தவர்களில் பெரும்பாலோர் கூலிவேலைக்காரர்கள் என்பது தற்செயல் இல்லை.

இதை வைத்து, “பாத்தீங்களா, வரியை ஏத்தினா ஜனங்க கள்ளச்சாராயத்துக்குப் போவாங்க, அதனால ஏத்தக் கூடாது” என்று ஒரு வாதம் வரும். மது கம்பெனிகளுக்கு ரொம்பப் பிடித்த வாதம். இலங்கையில் அரக்கு விலை ஏறும்போதெல்லாம் கசிப்பைக் காட்டி இதே பேச்சு நடக்கும். லண்டனில் 1736-லேயே நடந்தது: ஜின்னுக்குத் தாங்க முடியாத வரியும் 50 பவுண்டு உரிமக் கட்டணமும் போட்டார்கள், திருட்டு வியாபாரம் பெருகியது, 1743-ல் அந்தச் சட்டம் போனது. ஆனா கதை அங்கே முடியலை. 1751-ல் மிதமான வரியோடு, யார் விற்கலாம் என்பதில் கறாரான கட்டுப்பாடும் சேர்ந்து வந்தபோது நிலைமை மாறியது. என் வாசிப்பு இது: கள்ளச்சாராயம் இருப்பது வரிக்கு எதிரான காரணம் இல்லை. வரியை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு, அதை நடவடிக்கை என்று சொல்வதற்கு எதிரான காரணம்.

சரி, நிஜமான சுகாதார வரி இந்த வட்டாரத்தில் எப்படி இருக்கும்? ரகத்தின் பேரைப் பார்க்காது. பாட்டிலில் எத்தனை மில்லி ஆல்கஹால்னு பார்க்கும். அப்போ காட்டமான குவார்ட்டர் மலிவு ரகமாக இருக்க முடியாது, லேசான பீரும், அனுமதி கிடைத்தால் கள்ளும் அதைவிடக் கீழே நிற்கும். கூலி ஏறுகிற வேகத்தில் வரியும் தானாக ஏறும். அரசுக்குப் பணமுடை வரும்போது மட்டும் ஏறாது. புதுச்சேரியோடு விலையை ஒரே அளவில் வைக்கும். மெத்தனால் ஆலையிலிருந்து கிளம்பி எங்கே போகிறது என்பதை ஒவ்வொரு டேங்கராகக் கணக்கு வைக்கும், 1886-ல் ஒவ்வொரு பனைமரத்தையும் கணக்கு வைத்த மாதிரி. அந்த அளவுக்கு எண்ணத் தெரிந்த அரசு இது. வசூலில் ஒரு பங்கு மாவட்ட மருத்துவமனையின் குடிநோய்ப் பிரிவுக்கு நேராகப் போகும், ஏன்னா விலை ஏறினால் சும்மா குடிக்கிறவர் குறைத்துக்கொள்வார், அடிமையானவரால் முடியாது. அவருக்கு வைத்தியம் தராமல் விலையை மட்டும் ஏற்றினால், அவர் சோற்றுப் பணத்தில் கை வைப்பார், அல்லது 60 ரூபாய் பாக்கெட்டைத் தேடுவார்.

கள்ளைப் பத்தி ஒரு வார்த்தை. விழுப்புரம் பக்கத்துப் பனையேறிகள் கள்ளுக்கு அனுமதி கேட்டுப் பல வருஷமா போராடுறாங்க, வழக்கும் வாங்குறாங்க. கள் உணவு, அதில் ஒண்ணும் தப்பில்லை என்று அவர்கள் சொல்வதை நான் அப்படியே ஏற்கவில்லை. அதிலும் ஆல்கஹால் இருக்கு. ஆனா 42.8 விழுக்காட்டை அரசே விற்றுக்கொண்டு, அதில் சின்னப் பங்கு காட்டமுள்ள கள்ளை இறக்குகிறவர் மேல் வழக்குப் போடுவதற்குச் சுகாதாரத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூலையில் ஒரு வேண்டுகோள் வைத்தது. 2035-க்குள் புகையிலை, மது, சர்க்கரை பானங்கள் மூன்றின் உண்மை விலையை வரி மூலம் குறைந்தது 50 விழுக்காடு ஏற்றுங்கள் என்று. ‘உண்மை விலை’ங்கற சொல்லை அடிக்கோடு போட்டுக்கோங்க. பணவீக்கத்தைக் கழித்த பிறகு நிற்கிற விலை. செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அதே மாதம்தான் இதுவும். முதலாவதுக்கு ஊரே கொண்டாடியது.

தமிழ்நாட்டில் மது பற்றிய கொள்கைக் குறிப்பை ஒவ்வொரு வருஷமும் சட்டமன்றத்தில் வைப்பது மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. சுகாதாரத் துறையின் குறிப்பு இன்னொரு நாள், இன்னொரு அமைச்சர் கையில். ரெண்டும் இணையத்தில் தமிழிலேயே கிடைக்கும். முதலாவதில் வருஷவாரியாக வருவாய் அட்டவணை இருக்கும். அடுத்த மானியக் கோரிக்கை சமயத்தில் ரெண்டையும் இறக்கி வெச்சு, 48,344 கோடிக்குப் பக்கத்தில் வைக்கிற மாதிரி, ஈரல் நோய்க்கும் குடிநோய் சிகிச்சைக்கும் என்ன எண் இருக்குன்னு பாத்து எனக்கு எழுதுங்க. வர்ற பதில்களை வெச்சு இன்னொரு எபிசோடு பண்ணலாம்.